வால் விடாத வம்சம்

தட்டு விழப்போகிறது என்று எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் அத்தனை பேரும் துள்ளுவார்கள்.

பல்லி வளர்ப்பவர்கள் வாடகை மண்டபத்தில் ஒன்றுகூடும் நாளில், ஒரே ஒரு மேசை மட்டும் மண்டபத்துக்கு வெளியே, வண்டிகள் நிறுத்துமிடத்தின் ஓரத்தில் கிடக்கும். பக்கத்து மேசைக்காரர்கள் சண்டைக்கு வந்து, சங்கத்தார் பஞ்சாயத்துப் பேசி, அங்கே தள்ளிவிட்ட மேசை அது. கூட்டம் என்னவோ அங்கேதான் மொய்க்கும். மேசைக்குப் பின்னால் நிற்கும் ஒல்லியான பெண், கண்ணாடிப் பெட்டியின் மூடியைத் திறந்து, கிளையில் உட்கார்ந்திருக்கும் பல்லியை எல்லோருக்கும் காட்டுவாள். பிறகு ஓர் எவர்சில்வர் தட்டை இடுப்பு உயரத்தில் பிடித்து, விரல்களை விரிப்பாள். சிமெண்டுத் தரையில் தட்டு விழுந்து, சுழன்று, அடங்குவதற்குள் பெரிய மீசைக்காரர்கள்கூடத் தோளைக் குறுக்கியிருப்பார்கள். எங்கோ ஒரு கைக்குழந்தை வீறிடும். பல்லி மட்டும் இருந்த இடத்தில் இருக்கும். வாலும் இருந்த இடத்தில் இருக்கும்.

"பாத்துக்குங்க," என்பாள். அவள் செய்த விளம்பரமெல்லாம் அந்த ஒரு சொல்தான்.

சுவரில் ஓடுகிற வீட்டுப் பல்லி இல்லை அது. கொண்டைப் பல்லி. தூரத்துத் தீவுகளில் பிறந்து, இப்போது ஊர் ஊராகப் பெட்டிக்குள் வாழ்கிற சாதி. கண்ணுக்கு மேலே தொடங்கி முதுகுவரை முள்முள்ளாக ஒரு வரிசை ஓடும். பார்ப்பவர்களுக்கு நீண்ட இமைமயிர் போலத் தோன்றும். ஆனால் இமையே கிடையாது. தூசி விழுந்தால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கிக்கொள்ளும். தூங்கும்போதும் கண் திறந்தே இருக்கும். பழப் பொடியைத் தண்ணீரில் குழைத்து வைத்தால் நக்கிவிட்டுச் சமர்த்தாகக் கிடக்கும். குறை என்று சொன்னால் ஒன்றுதான். பயந்தால் வாலை உதறிவிடும். வீட்டுப் பல்லிக்குப் போன வால் முளைக்கும். இதற்கு முளைக்காது. போனால் போனதுதான்.

அதனால்தான் பல்லியக்காவின் பல்லிகளுக்கு அத்தனை மவுசு. தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து, வாலை உதறவே தெரியாத ஒரு வம்சத்தை அவள் உண்டாக்கியிருந்தாள்.

பல்லியக்கா என்பது வளர்ப்பவர்கள் வைத்த பெயர். பிழைப்புக்கு அவள் பல் செய்தாள். பல் மருத்துவர்கள் அனுப்புகிற அச்சில் மாவுக்கல் பொடியைக் கரைத்து ஊற்றி, அதன்மேல் மெழுகில் பல்லைச் செதுக்கி, பீங்கான் பொடியைக் குழைத்துப் படலம் படலமாக ஏற்றிச் சூளையில் சுடுகிற பல் கூடத்தில் வேலை. மஞ்சளிலேயே ஒரு டஜன் மஞ்சளைப் பிரித்துச் சொல்லும் கண் அவளுக்கு. புதுப் பல்லில் வேண்டுமென்றே மெல்லிய கறையும் மயிரிழை விரிசலும் வரைவாள். "பக்கத்துப் பல்லு மாதிரி இருந்தாத்தான் அது பல்லு. இல்லேன்னா பொத்தான்," என்பாள்.

அவள் கணவர் மைக் செட்காரர். திறப்பு விழா, கூட்டம், பாட்டுக் கச்சேரி, எதுவானாலும் அவருடைய ஒலிபெருக்கிதான். காது பாதி போய்விட்டிருந்தது. சிரிப்பு மட்டும் போகவில்லை. "பல்லு முடிஞ்சு பல்லி வந்திருக்கு. அடுத்தது பல்லக்குதான். தூக்க நான் ரெடி," என்று முதல் நாளே சொன்னவர்.

அந்த முதல் பல்லியை ஒரு பல் மருத்துவமனையின் காத்திருப்பு அறையிலிருந்து கொண்டுவந்தாள். மருத்துவரின் மகள் படிக்கப் போய்விட்டாள். கேட்பாரில்லாமல் பெட்டி கிடந்தது. நல்ல வெண்ணெய் நிறம், முதுகில் செம்மண் கோடு. கண்ணை இமை காப்பதுபோல அதை வளர்த்தாள், இமையில்லாத ஒன்றை. ஒருநாள் மாலை மைக் செட்காரர் பழுது பார்த்த ஒலிபெருக்கியை வீட்டுக் கூடத்தில் வைத்து, "ஹலோ, ஒன், டூ," என்றார். வீடே அதிர்ந்தது. பெட்டிக்குள் வால் தனியாகவும் பல்லி தனியாகவும் கிடந்தன. வால் துள்ளிக்கொண்டிருந்தது. வெகுநேரம் துள்ளியது. முதலில் சிரித்த அவர், அது நிற்காததைப் பார்த்ததும் சிரிப்பை விழுங்கிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் பல் கூடத்தில் சாப்பாட்டு வேளையில் அவள் மெழுகு எடுத்து அந்த வாலை அப்படியே செதுக்கினாள். வளைவு, கிளையைப் பற்றிக்கொள்ள நுனியில் இருக்கும் ஒட்டுத்தகடு, செம்மண் கோடு, ஒன்றும் பிசகவில்லை. போன பல்லுக்கு மாற்றுப் பல் உண்டு. அவளே ஆயிரம் வாய்களுக்குக் கொடுத்திருக்கிறாள். வாலை எங்கே பொருத்துவது? மெழுகு வால் பல்லி அறையின் அலமாரியில் உட்கார்ந்தது. அன்றைக்குத்தான் அவள் அந்த முடிவுக்கு வந்தாள். வால் விட்ட பிறகு அழுவதைவிட, வால் விடாததாகப் பார்த்துப் பெருக்கிவிடுவது.

முறை எளிது. குஞ்சுகள் கொஞ்சம் வளர்ந்ததும், மாலையில் வேலை முடிந்து வந்து ஒவ்வொரு டப்பாவாக மூடி திறந்து தரையில் தட்டைப் போடுவாள். வாலை உதறியதும் தாவி ஓடியதும் ஒரு பக்கம். அசையாதது ஒரு பக்கம். அசையாத ஆணையும் அசையாத பெண்ணையும் சேர்ப்பாள். அந்தக் குஞ்சுகளுக்கு மறுபடி தட்டு. தட்டிக் கழிப்பது என்ற சொல்லுக்கு அந்த வீட்டில் நேரடியாகவே அர்த்தம் இருந்தது.

கழித்தவற்றைத் தவளைக்காரர் வந்து எடுத்துப்போவார். அவர் பைக் மெக்கானிக். வாலில்லாத கொண்டைப் பல்லியைப் பின்னாலிருந்து பார்த்தால் தவளை மாதிரியே இருக்கும். அதைத்தான் அவர் விரும்பி வளர்த்தார். பட்டறையின் பின்னறை முழுக்க மொட்டைப் பின்புறங்கள். "எல்லாரும் கழிச்சுப் போட்டதை நான் சேர்த்து வைக்கறேன். என் பொண்டாட்டியும் என்னை அப்படித்தான் சேர்த்துக்கிட்டா," என்பார். மூடியில் துளை போட்ட டப்பாவோடு வருவார். நிரப்பிக்கொண்டு போவார்.

மகள் பிறந்தது வம்சத்தின் இரண்டாம் தலைமுறை ஓடிக்கொண்டிருந்தபோது. பாப்பா என்றே வீட்டில் கூப்பிட்டார்கள். கொண்டைப் பல்லிக்கு வெயில் ஆகாது. அதனால் வீட்டில் குளிர்சாதனம் இருந்த ஒரே அறை பல்லி அறைதான். தொட்டிலும் அங்கேதான். முதலில் எல்லாம் தட்டு விழும்போது குழந்தை வீறிட்டு அழும். அழுகைச் சத்தம் கேட்டால் எது தட்டுக்குப் பயந்தது, எது அழுகைக்குப் பயந்தது என்று தெரியாமல் சோதனையே பாழ்.

"ச்சூ," என்பாள் பல்லியக்கா, தொட்டிலை ஆட்டியபடி. "துள்ளுறவங்களை என்ன பண்ணுவாங்க? தவளை மாமா வந்து ஓட்டை டப்பாவுல போட்டு எடுத்துட்டுப் போயிடுவார். பாப்பா துள்ளாது. பாப்பா நல்ல பாப்பா."

தவளைக்காரரும் வாசலில் நின்று டப்பாவைத் தட்டி, "எங்க, யாரு துள்ளினது?" என்று குரலை மாற்றிக் கேட்பார். மைக் செட்காரர் விழுந்து விழுந்து சிரிப்பார். எந்த வீட்டில்தான் குழந்தைக்குப் பூச்சாண்டி காட்டாமல் வளர்க்கிறார்கள்.

நடை பழகுவதற்குள் பாப்பா அழுகையை நிறுத்திவிட்டாள். பள்ளிக்கூடம் போகும் வயதில், தட்டு விழும்போது எழுதிக்கொண்டிருந்த எழுத்தின் சுழி கோணாமல் எழுதினாள். பல்லியக்காவுக்கு அதில் ஒரு பெருமை. "எம் பொண்ணு இருக்கற இடம் தெரியாது," என்று பல் கூடத்தில் சொல்வாள். உண்மைதான். சில மாலைகளில் பல்லி அறைக்குள் விளக்குப் போட்டுவிட்டு, பழக்குழம்பு கலந்து, பாதிப் பெட்டிகளைத் துடைத்து முடித்த பிறகுதான், மூலை முக்காலியில் பாப்பா உட்கார்ந்திருப்பதே அவள் கண்ணில் படும்.

"எப்பலேர்ந்துடீ இங்க இருக்கே?"

"நீ வர்றதுக்கு முன்னாடியே."

"இருட்டுலயா?"

"இதுங்களும் இருட்டுலதானே இருக்கு."

வம்சம் ஐந்தாம் தலைமுறையைத் தொட்டபோது அந்த அறையில் ஊசி விழுந்தால் கேட்கும். கொண்டைப் பல்லிக்குக் குரல் உண்டு. கோபம் வந்தால் நாய்க்குட்டி மாதிரிக் குரைக்கும், சீண்டினால் கீச்சிடும். இவை எதையும் செய்யவில்லை. கதவு திறந்தால் கிளையை விட்டு இறங்கவில்லை. வைத்த கண் வாங்காமல் பார்த்தன. வைத்த கண்ணை வாங்க அவற்றுக்கு இமை இல்லை என்பது வேறு விஷயம். சுவர் முழுக்க அடுக்கிய பெட்டிகளில் அத்தனை முகமும் கதவைப் பார்த்தே இருக்கும். பல்லி வாங்க வந்த ஒருவர் உள்ளே கால் வைத்துவிட்டு, "பொம்மைக் கடைக்குக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?" என்று கேட்டார். பாப்பாவைப் பார்த்ததும் இன்னொருமுறை அதிர்ந்தார். அவளையும் பொம்மைக் கணக்கில்தான் சேர்த்திருந்தார்.

அந்தத் தலைமுறைக் குஞ்சுகளில் தட்டுக்குத் துள்ளியது அநேகமாக ஒன்றுமில்லை. தவளைக்காரர் வழக்கம்போல டப்பாவோடு வந்து, காலி டப்பாவோடு முக்காலியில் உட்கார்ந்தார்.

"என்ன தங்கச்சி, நமக்குச் சாப்பாடே இல்லையா?"

"எல்லாம் தேறிடுச்சுண்ணே. இனிமே உங்களுக்கு வேலை இல்ல."

அவர் ஒரு பெட்டியைத் திறந்து உள்ளே விரலை நீட்டினார். பல்லி விரலைப் பார்த்தது. அவர் அதன் முகத்துக்கு நேராகச் சடாரென்று கையைத் தட்டினார். பல்லி கையைப் பார்த்தது.

"ஒண்ணு சொல்லட்டுமா," என்றார் குரலைத் தாழ்த்தி. "எனக்கு மட்டும் வால் இருந்திருந்தா இப்ப இங்க விட்டுட்டு ஓடியிருப்பேன்."

"பொறாமை."

"பொறாமைதான். என் ஆளுங்க ஒவ்வொண்ணும் வாலைக் கொடுத்து உயிரை வாங்கினது. உன் ஆளுங்க வாலோட சாகும்." அவர் குனிந்து உற்றுப் பார்த்தார். "தொண்டையைப் பாரு தங்கச்சி. எப்படி அடிச்சுக்குது பாரு. அசையலதான். அமைதியா இருக்குன்னு யாரு சொன்னது?"

பல்லியக்கா பார்த்தாள். தாடைக்குக் கீழே மெல்லிய தோல் படபடவென்று ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூச்சு விடுகிற எல்லாப் பல்லிக்கும் தொண்டை அசையத்தானே செய்யும். மூடியைச் சாத்தினாள். மூலை மேசையில் பாப்பா கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். மாமா கை தட்டியபோதும் நிமிரவில்லை. தவளைக்காரர் போகும்போது, "வரேன் பாப்பா," என்றார். அவள் பார்வை அவர் முகத்துக்குப் போகவில்லை. டப்பாவுக்குப் போனது. அது காலி என்று தெரிந்த பிறகுதான், "வாங்க மாமா," என்றாள்.

அதே மாதத்தில் பள்ளியிலிருந்து டீச்சர் கூப்பிட்டார். வகுப்பில் ஒரு விளக்குக் குழல் கழன்று விழுந்து வெடித்ததாம். யாருக்கும் அடியில்லை.

"மத்த பிள்ளைங்க எல்லாம் கத்திக்கிட்டு வெளிய ஓடிடுச்சுங்க. உங்க பொண்ணு தலையில கண்ணாடித்தூள் கொட்டியிருக்கு, அவ பாட்டுக்கு உட்கார்ந்து எழுதிட்டு இருக்கா. நான் போய்த் தொட்டுத்தான் எழுப்பினேன்."

"சின்னதுலேர்ந்தே அப்படித்தான் டீச்சர். பயம்னா என்னன்னே தெரியாது."

"எனக்குப் பயமா இருந்துச்சும்மா," என்றார் டீச்சர்.

பல்லியக்கா இதைக் கணவரிடம் ஒரு வேடிக்கை போலச் சொன்னாள். அவர் சிரிக்கவில்லை. "ஊருக்கெல்லாம் சத்தத்தை வாடகைக்கு விடறேன். என் வீட்ல நான் தும்மணும்னா தெருவுக்குப் போறேன். அது பரவால்ல, நான் கழுதை. அந்தப் புள்ள கடைசியா எப்ப கத்துச்சு, சொல்லு பாப்போம்."

அவளுக்கு நினைவு வரவில்லை. அதற்குள் சூளையில் வைத்த பல்லைப் பற்றி யோசிக்க வேண்டியிருந்தது.

வெயில் காலத்தில், பள்ளி விடுமுறையில், அது நடந்தது. கணவர் ஒரு கூட்டத்துக்குக் கம்பி இழுக்கப் போயிருந்தார். அவள் பல் கூடத்தில் இருந்தாள். அன்றைக்குச் சூளைக்குப் பக்கத்தில் நிற்க முடியவில்லை, மெழுகு கைக்கு வரும்முன்பே குழைந்தது. மதியம் தவளைக்காரர் போன் செய்தார். பின்னணியில் ஒரே கூச்சல்.

"கேக்குதா? எல்லாம் என் மொட்டைங்கதான். சூடு தாங்காம குலைச்சு, கண்ணாடியில மோதி, பட்டறையைத் தலைகீழாக்கிடுச்சுங்க. ஐஸ் வாங்கிட்டு வந்து பாட்டில்ல போட்டு வச்சிருக்கேன். இந்தப் பக்கம் பூரா கரண்ட் இல்ல. உங்க வீட்லயும் இருக்காதே? உன் மிஷின் ஓடுதா?"

ஓடாது. அவர் பட்டறைக்கு மூன்று தெரு தள்ளித்தான் வீடு. ஒரே கம்பியில் வருகிற மின்சாரம். வீட்டுக்குப் போன் போட்டாள். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கையில் ஒட்டிய மாவுக்கல்லைக் கழுவாமலே வீட்டுக்கு ஓடினாள்.

கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. கூடத்தில் ஜன்னல் திறந்து காற்று வந்துகொண்டிருந்தது. பாப்பாவின் செருப்பு வாசலில். பாப்பா இல்லை.

பல்லி அறையைத் திறந்தாள். யாருடைய வாய்க்குள்ளோ நுழைந்த மாதிரி இருந்தது. அவ்வளவு வெதுவெதுப்பு, ஈரம், இருட்டு. சூடு உள்ளே வராமலிருக்கக் கட்டிய தடித்த திரை, இப்போது சூட்டை வெளியே விடாமல் பிடித்துவைத்திருந்தது. திரையை இழுத்துக் கிழித்தாள். வெளிச்சம் சுவர் முழுக்க விழுந்தது.

எல்லாப் பல்லிகளும் தத்தம் கிளையில் இருந்தன. எல்லா முகமும் கதவைப் பார்த்திருந்தது. எந்தப் பல்லிக்கும் சூடு பட்டால் புத்தி தரைக்குப் போகும். பெட்டியின் அடியில் ஈர நார்த்தூளில் வயிற்றைப் பதித்துக்கொள்ளும். ஒன்றுகூட இறங்கியிருக்கவில்லை. நீரைத் தெளித்தாள். ஒன்றுகூட நக்கவில்லை. ஒரு பெட்டியைத் திறந்து விரலால் தொட்டாள். கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது. அடுத்த பெட்டி. தொட்டாள். கண் திரும்பவில்லை. கிளையோடு விறைத்திருந்தது. வால் அழகாகச் சுருண்டிருந்தது. அடுத்தது. அதற்கு அடுத்தது. பார்த்தால் செத்ததும் உயிரோடு இருப்பதும் ஒன்றுபோலவே இருந்தன. அதே கண், அதே இருப்பு. மஞ்சளில் மஞ்சளைப் பிரித்தறிகிற கண்ணால் அதைப் பிரிக்க முடியவில்லை. தொட்டால்தான் தெரிந்தது.

அலமாரியில் மெழுகு வால் மட்டும் நுனி தளர்ந்து கீழே தொங்கியிருந்தது. அந்த அறையில் சூடு தாங்காமல் நகர்ந்தது அது ஒன்றுதான்.

அப்போதுதான் மூலையைப் பார்த்தாள். முக்காலியில் பாப்பா. முதுகு நேராக, கை இரண்டும் மடியில், உள்ளங்கையில் ஒரு பல்லி. இரண்டு பேரும் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு பேருக்கும் கண் திறந்திருந்தது.

"பாப்பா."

பாப்பாவின் கண் கதவிலேயே இருந்தது.

இரண்டடி தூரம். பல்லியக்காவின் கை நீண்டது, பாதியில் நின்றது. இத்தனை பெட்டிகளைத் தொட்டு வந்த விரல் அது. அது எதைச் சொல்லும் என்று அந்த விரலுக்கே தெரியாது. பிறகு தொட்டாள்.

கன்னம் கொதித்தது. கண் மெதுவாக அவள் பக்கம் திரும்பியது.

"என்னம்மா?" என்றாள் பாப்பா.

பல்லியக்கா அவளை அள்ளி எடுத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண்ணை இறக்கிவிடாமலே நடந்தாள். குளியலறையில் உட்காரவைத்துத் தலையில் தண்ணீர் ஊற்றினாள். பச்சைத் தண்ணீர் தலையில் விழுந்தால் எவரும் மூச்சை இழுப்பார்கள். இவள் இழுக்கவில்லை. மார்போடு சேர்த்து அணைத்தபோதுதான் அது கேட்டது. ஈரச் சட்டைக்குள் பிள்ளையின் நெஞ்சு, கூண்டில் அடைத்த எதுவோ போல, எலும்பை உடைத்துக்கொண்டு வருவதுபோல அடித்துக்கொண்டிருந்தது. முகம் கல்லுளிமங்கன் முகமாகவே இருந்தது. தாடைக்குக் கீழே, தொண்டைக்குழியில், தோல் படபடத்தது. உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தாள். நகம் பதிந்த பிறைகள். புதியவை சிவப்பாக, பழையவை வெள்ளையாக, ஒன்றன்மேல் ஒன்றாக.

"சூடா இருக்குன்னு தெரியலையாடீ?"

"தெரிஞ்சுதும்மா."

"அப்புறம் ஏன் வெளிய வரல? போன் அடிச்சுதே, கேக்கலையா?"

"கேட்டுச்சு. தட்டு மாதிரிதான்னு நெனச்சேன்." பாப்பா கொஞ்சம் யோசித்தாள். பாடத்தில் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்வதுபோல நிதானமாகச் சொன்னாள். "பொறுத்துக்கிட்டேன். நீ பொறுக்கும்போது, பொறுத்துக்கறதைத்தானேம்மா எடுப்பே. துள்ளுறதைத் தவளை மாமா கொண்டு போயிடுவாரே."

தண்ணீர்ச் செம்பு பல்லியக்காவின் கையிலேயே இருந்தது. இத்தனை வருடம் அந்த வீட்டில் ஆயிரம் முறை புழங்கிய சொல் அது. பொறுக்குவது. எது எதைப் பொறுக்குகிறது என்று ஒருநாளும் அவள் காதில் விழுந்ததில்லை.

அன்று மாலை மின்சாரம் வந்தது. செத்தவற்றைத் தவளைக்காரர் வந்து பட்டறைக்குப் பின்னால் புதைத்தார். அந்த முறை டப்பா இல்லாமல், துணிப்பையோடு வந்தார், யாரும் சொல்லாமலே. பாப்பாவின் எதிரில் மண்டி போட்டு, "பாப்பா, மாமா சும்மா விளையாட்டுக்குச் சொன்னதும்மா. நீ எவ்வளவு வேணா துள்ளு. கூரை இடியற மாதிரித் துள்ளு," என்றார். பாப்பா தலையாட்டினாள். மைக் செட்காரர் தெருவுக்குப் போகவில்லை. வீட்டுக்குள்ளேயே, கூடத்தின் நடுவில் நின்று, ஒருமுறை பலமாகத் தும்மினார்.

பல்லியக்கா எவர்சில்வர் தட்டைச் சமையலறைக்குக் கொண்டுபோய் மற்றத் தட்டுகளோடு அடுக்கினாள். சங்கத்தில் மேசை வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். ஆண் பல்லிகளைப் பிரித்து வேறு பக்கம் வைத்தாள். வம்சம் இதோடு முடியட்டும் என்பது எண்ணம். ஆனால் கொண்டைப் பல்லிக்கு இன்னொரு குணம் உண்டு. பெண், ஒருமுறை சேர்ந்த ஆணின் விதையை வயிற்றிலேயே மாதக்கணக்கில் சேர்த்து வைத்துக்கொள்ளும். ஆணின் வாசனையே இல்லாத பெட்டிகளில், நார்த்தூளுக்குள், இரண்டிரண்டாக வெள்ளை முட்டைகள் வந்துகொண்டே இருந்தன. சிலவற்றின் தகப்பன்கள் பட்டறைக்குப் பின்னால் மண்ணுக்குள் இருந்தார்கள்.

குஞ்சுகள் பொரிந்தபோது அவளே எதிர்பார்க்காத ஒன்று நடந்தது. ஒரு குஞ்சு, அவள் மூடியைத் திறந்ததும், எகிறிக் குதித்து அவள் தோளில் ஏறி, கழுத்தைக் கடித்து, ஓடியது. பல்லியக்கா சிரித்துவிட்டாள். அழுகையும் வந்தது. "பாப்பா, இங்க ஓடி வா. துள்ளிச்சு பாரு. என்னமா துள்ளுது என் தங்கம்," என்று கூப்பிட்டுக் காட்டினாள். அடுத்த முட்டைகளில் இன்னும் ஒன்றிரண்டு அப்படி வந்தன. அவற்றுக்கு ஜன்னல் பக்கம் பெரிய பெட்டி, நல்ல கிளை, தேன் கலந்த குழம்பு. பாப்பாவும் கூட நின்று வேலை செய்தாள். "எது துள்ளுதோ அதை இந்தப் பக்கம் வை," என்பாள் அம்மா. வைப்பாள். அசையாமல் உட்கார்ந்து முறைக்கிற குஞ்சுகளின் மூடியைப் பல்லியக்கா இப்போது உடனே சாத்திவிடுவாள். அவற்றை வைத்துக்கொள்ள மனம் வரவில்லை. பட்டறைச் சத்தத்தில் வளர்ந்தாலாவது கொஞ்சம் உயிர் வரட்டும் என்று தவளைக்காரரிடமே கொடுத்தாள்.

அவர் டப்பாவில்தான் எடுத்துப்போனார். மூடியில் துளை போட்ட அதே டப்பா. எது உள்ளே போகிறது என்று பாப்பா பார்த்துக்கொண்டு நின்றாள்.

மழை தொடங்கியிருந்த ஒரு சாயங்காலம். கணவர் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். பல்லியக்கா மேசையில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்; எதிரே பாப்பா, புத்தகத்தோடு. சோப்புக் கையிலிருந்து தட்டு நழுவித் தரையில் விழுந்தது.

பல்லியக்கா தூக்கிவாரிப்போட்டு எழுந்தேவிட்டாள். நெஞ்சில் கை வைத்துக்கொண்டு மகளைப் பார்த்தாள்.

பாப்பா அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். தட்டை அல்ல, அம்மாவின் முகத்தை. இமைப்பொழுது அப்படியே பார்த்தாள். அதன் பிறகு, தட்டு பாதி சுழன்று முடித்த பிறகு, அவள் தோள்கள் இரண்டும் மேலே ஏறின. கை விரிந்தது. புத்தகம் சரிந்தது. வாய் திறந்து "அம்மா" என்று வந்தது. எல்லாம் சரியாக இருந்தன. பக்கத்துப் பல்லுக்குப் பொருத்தமாகக் கறையும் விரிசலும் வரைந்த பல் போல, ஒன்றும் பிசகவில்லை.

"ஏ, பாப்பா துள்ளிடுச்சு," என்று சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துக் கணவர் கைதட்டினார். அவர் கண்ணில் நீர் வந்துவிட்டது. "கேட்டியா? எம் பொண்ணு கத்திட்டா."

பல்லியக்கா மேசையைச் சுற்றி ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டாள். குனிந்து காதை மகளின் நெஞ்சில் வைத்தாள். அன்றைக்குக் குளியலறையில் எலும்பை உடைப்பதுபோல அடித்த சத்தத்தைத் தேடினாள்.

"துள்ளிட்டேன்மா," என்றாள் பாப்பா, அவள் தலைக்கு மேலே, மெதுவாக.

தரையில் தட்டு கடைசிச் சுற்றுச் சுற்றி அடங்கியது. காதுக்குள் மகளின் நெஞ்சு ஒரே சீராக, அவசரமே இல்லாமல், அடித்துக்கொண்டிருந்தது.